ஊருக்குள் வராத பஸ்ஸும் நீ எழுதும் கடிதமும்

என் மகளே,

நேற்று சாயங்காலம் மெயின் ரோட்டிலிருந்து உங்கள் ஊர் பிரியும் விலக்கில் நீ பஸ்ஸை விட்டு இறங்கினாய், அதே பஸ்ஸில் நான் ஏறினேன். "என்னப்பா, நீங்க இங்கன எங்க?" என்று நீ கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்வதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். நான் முக்கூடல் வந்து சேர்ந்ததும் நீ போன் செய்தாய். பேசி முடிகிற காரியமில்லை, எழுதுகிறேன் என்று சொன்னேன். எழுதுகிறேன். இதை மடித்து ஒளித்து வைக்க வேண்டாம். மாப்பிள்ளையைப் பெற்ற உன் அத்தையும் படிக்கட்டும், மஸ்கட்டில் இருக்கும் மாப்பிள்ளைக்கும் படம் பிடித்து அனுப்பு, அவர் அண்ணன் செல்வின் கண்ணில் பட்டாலும் படட்டும். ஒருவருக்கு மட்டும் சொல்லி மற்றவருக்கு மறைக்கிற வேலையை நான் செய்தால் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிடும்.

சந்தேகம் என் பிறவிக்குணம் என்று உன் அம்மா சொல்லுவாள். "ஒங்க அப்பா ஜெபம் பண்ணும்போதுகூட ஒரு கண்ணத் தொறந்து வச்சிருப்பாவ, பக்கத்துல உள்ளவன் எதுக்கு ஜெபிக்கான்னு பாக்க" என்று அவள் சொல்லி நீ சிரித்தது உண்டு. உன்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், பிள்ளையைத் தந்தால் போதும் என்றார்கள். வேறு தகப்பன் என்றால் சந்தோஷப்பட்டிருப்பான். நானோ, 'ஒன்றும் வேண்டாம்' என்கிறவர்களிடம் என்னமோ இருக்கிறது என்று உங்கள் ஊரைச் சுற்றி எல்லா டீக்கடையிலும் விசாரித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. கல்யாணம் முடிந்து ஓர் ஆண்டுக்குப் பிறகும் உன் அத்தையைப் பார்த்தால் அந்த நினைப்பு முழுசாக விலகவில்லை. அதிகம் பேசாதவர் வேறு. அதிகம் பேசாதவர்களை என்னால் நம்ப முடிவதில்லை. அதிகம் பேசுகிறவர்களையும் நம்புவதில்லை என்பது வேறு விஷயம்.

பத்திரிகைக்கு எழுதப்போகும் கடிதத்தை நீ போனில் அனுப்பி, திருத்தித் தாருங்கள் என்று கேட்டாய் அல்லவா, அதைப் படித்ததும் அந்தக் குணம் தலைதூக்கிற்று. டவுணிலிருந்து வரும் பஸ்ஸின் முகப்பில் உங்கள் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறது. ஆனால் பஸ் மெயின் ரோட்டு விலக்கிலேயே ஆளை இறக்கிவிட்டு முக்கூடலுக்குப் போய்விடுகிறது. பரிசோதனை நிலையத்தில் நாளெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு வருகிற நீ, வாய்க்கால் கரையை ஒட்டி இருட்டில் ஊர்வரை நடக்க வேண்டியிருக்கிறது. இதுதான் விஷயம். இதை நீ நன்றாகவே எழுதியிருந்தாய். 'என்னோடு இறங்குகிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுதான் நடக்கத் தொடங்குவோம்' என்ற வரியை நான் இரண்டாம் முறையும் படித்தேன். அது உன் வரி. அதற்கு அடுத்த பத்தி உன்னுடையது அல்ல. 'மேற்படி விலக்கில் நவீன வசதிகளுடன் கூடிய பயணியர் நிழற்குடையும் உயர்கோபுர மின்விளக்கும் அமைத்துத் தந்து பொதுமக்களின் நீண்டநாள் கனவை நனவாக்க வேண்டும்.' நீ சிறுபிள்ளையிலிருந்து பேசுவதைக் கேட்டு வருகிறேன், 'மேற்படி' என்று ஒருநாளும் சொன்னதில்லை. யார் சொல்லி எழுதினாய் என்று கேட்டபோது, "செல்வின் அத்தான் சொன்னாவ, நல்ல யோசனையா இருக்கேன்னு சேத்தேன்" என்றாய். விலக்குக்கும் ஊருக்கும் இடையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் செல்வின். பஸ் ஊருக்குள் வந்தால் அவன் வண்டியில் யார் ஏறுவார்கள்?

நிழற்குடை என்றதும் நான் படிப்பதை நிறுத்திய காரணத்தைச் சொல்கிறேன். நான் பேப்பர் ஏஜெண்டாகவும் பகுதிநேர நிருபராகவும் இருந்த காலத்தில் உன் சித்தி ஊரிலும் இதே பாடுதான். பஸ் ஒரு நாள் உள்ளே வரும், ஒரு நாள் வராது. ஊர் கூடி ஒரு மனு எழுதியது. பஸ் உள்ளே வர வேண்டும் என்பது முதல் கோரிக்கை, விலக்கில் நிழற்குடை வேண்டும் என்பது இரண்டாவது. கேட்கிறதே கேட்கிறோம், அதையும் கேட்டு வைப்போமே என்று சேர்த்ததுதான். கேட்கும் இடத்தில் கூடுதலாகக் கேட்டு வைப்பது நம் பக்கத்துப் பழக்கம், கல்யாண வீட்டில் இலையில் கேட்பதுபோல. நான் அதை அப்படியே செய்தியாக்கி அனுப்பினேன். அதிகாரிகளுக்கு இரண்டில் எது சுலபம்? நிழற்குடை வந்தது. நெற்றியில் பட்டை எழுத்தில் பெயர்கள், உள்ளே உட்கார ஒரு திண்டு. 'நமது செய்தி எதிரொலி' என்று படத்தோடு நானே மறுபடி எழுதினேன். ஊர்க்காரர்கள் எனக்குத் துண்டு போட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து பஸ் உள்ளே வருவது அடியோடு நின்றது. டெப்போவில் போய்க் கேட்டால், "ஒங்களுக்குத்தான் நிழற்குடை கட்டியாச்சே வே, அங்கன நில்லும்" என்றார்கள். திரும்பவும் செய்தி அனுப்பினால், எதிரொலி போட்ட விஷயத்தை மறுபடி எப்படிப் போடுவது என்று ஆபீசில் கேட்டார்கள். உன் சித்தி என்னை இன்றுவரை விட்டபாடில்லை. "அத்தான், ஒங்க நிழற்குடையில ஆடு சொகமா படுத்துக் கெடக்கு, ஒங்கள விசாரிச்சிது" என்று போன வாரமும் சொன்னாள். வெயிலுக்கு ஒதுங்க இடம் கேட்ட நாங்கள் பஸ்ஸைக் கைகழுவிவிட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டோம், எங்களுக்கே தெரியாமல்.

ஆகவே முதல் திருத்தம் இது. அந்தப் பத்தியை முழுசாக எடுத்துவிடு. விளக்கு வேண்டும் என்று கேட்காதே, நிழற்குடை பற்றிப் பேச்சே எடுக்காதே. நாய்த் தொல்லை, குடிதண்ணீர் என்று கடைசியில் நீ இலவச இணைப்பாகச் சேர்த்ததையும் எடு. ஒரு கடிதம் ஒன்றைத்தான் கேட்க வேண்டும். இரண்டு கேட்டால் நமக்கு வேண்டாததைத் தந்து வாயை அடைப்பார்கள். 'பொதுமக்கள் கடும் அவதி' என்று எழுதாதே, அந்தச் சொற்களைப் படித்துப் படித்து எல்லோருக்கும் கண் மரத்துவிட்டது. 'சம்பந்தப்பட்ட அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பார்களா?' என்று கேள்வி போட்டு முடித்திருக்கிறாய். பாதிக் கடிதங்கள் அப்படித்தான் முடிகின்றன, நானே எத்தனையோ முடித்திருக்கிறேன். கேட்டால், மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே? கேட்காதே, சொல். இந்த எண்ணுள்ள பஸ், இந்த வழி என்று பலகை போட்டிருக்கிறது, பலகையில் உள்ள ஊருக்கு வருவதில்லை, வர வேண்டும். அவ்வளவுதான். ஆசிரியர் அவர்களுக்கு என்று மேலே எழுதுவது மரியாதைக்கு. உண்மையில் நீ எழுதுவது டெப்போவில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு டீ குடிக்கிற மேலாளருக்கு. அவரை வையாதே. வைதால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார், பஸ்ஸைப் பார்க்க மாட்டார். அவருக்கு ஒரு சின்ன வழியைத் திறந்து வை. 'கண்டக்டர்களுக்குச் சிரமம் இருந்தால் அதையும் தீர்க்க ஊர் ஒத்துழைக்கும்' என்று ஒரு வரி எழுதினால் அவர் மறுப்பதற்குப் பிடி கிடைக்காது.

அந்தச் சிரமம் என்ன என்பது தெரியாமல் இந்த வரியை எழுதக்கூடாது என்று தோன்றித்தான் நேற்று மதியம் கிளம்பினேன். உனக்குச் சொல்லவில்லை. முக்கூடலில் பஸ் ஏறி உங்கள் ஊருக்கு டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் கொடுத்தார். விலக்கில் விசில் அடித்து, "எறங்கும் அண்ணாச்சி" என்றார். ஊருக்குள் போகாதா என்றேன்.

"உள்ள போனா வேதக் கோவில் முன்னாலதான் திருப்பணும். அங்கன ஒரு ஆட்டோ குறுக்க நிக்கும். ஆரன் அடிச்சா, ஜெப நேரத்துல ஏன்வே ஆரன் அடிக்கீருன்னு நாலு பேரு சண்டைக்கு வாராவ. ரிவேர்சுல வந்தா வாய்க்காலு. எங்களுக்கு எதுக்கு வம்பு?"

ஊர்க்காரர்கள் பஸ் வேண்டும் என்று கேட்கிறார்களே என்றேன். அவர் சிரித்தார். "எந்த ஊர்க்காரவ? நேர்ல கேட்டா ஒருத்தரும் வாய தொறக்க மாட்டேங்காவ. பேப்பர்ல மட்டும் ஊர் பொதுமக்கள்னு எழுதுவாவ. ஊர் பொதுமக்கள்னா அது யாரு வே, ஒரு ஆளக் காட்டும்."

இதை ஞாபகம் வைத்துக்கொள். கடிதத்தின் அடியில் 'இப்படிக்கு, ஊர் பொதுமக்கள்' என்று போடச் சொல்லி ஊர்க் கமிட்டியார் உனக்குச் சொன்னதாக எழுதியிருந்தாய். அவர்கள் ஒற்றுமைக்காகச் சொன்னார்களா, தங்கள் பெயர் வெளியே வராமலிருக்கச் சொன்னார்களா? எனக்குத் தெரிந்தவரை ஊர் பொதுமக்கள் என்று கையெழுத்துப் போடுகிறவர் ஒருவரும் நாளைக்கு நான்தான் எழுதினேன் என்று நிற்க மாட்டார். நடந்து வருகிறவள் நீ. உன் பெயர், உன் வேலை, நீ எந்த பஸ்ஸில் வருகிறாய் என்பது, இது மூன்றும் இருந்தால்தான் அது கடிதம். இல்லாவிட்டால் சுவரொட்டி.

விலக்கிலிருந்து உங்கள் ஊருக்கு நடந்தேன். பட்டப்பகல்தான், ஆனாலும் வாய்க்கால் திருப்பத்தில் வாழைத்தோட்டம் இரண்டு பக்கமும் நெருங்கி நிற்கும் இடத்தில் என் கால் தன்னால் வேகமெடுத்தது. கோவில் முன்னால் பஸ் திரும்புகிற களத்தின் நட்ட நடுவில் செல்வினின் ஆட்டோ நின்றது. ஓரத்தில் எத்தனை வண்டி வேண்டுமானாலும் நிறுத்தலாம், வேப்பமர நிழல்கூட இருக்கிறது. நடுவில்தான் நிற்க வேண்டும் என்று யாரோ அளந்து வைத்ததுபோல நின்றது. செல்வின் என்னைக் கண்டதும் ஓடிவந்து, "வாங்க மாமா, சொல்லாம கொள்ளாம வந்துட்டிய" என்று வீட்டுக்கு அழைத்துப் போனான். கடைக்குப் போய் அவனே முறுக்கு வாங்கி வந்தான். நல்ல உபசாரம். இத்தனை உபசாரம் எதற்கு என்று நான் முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"தங்கச்சி கடுதாசி அனுப்பிச்சாளா மாமா? நிழற்குடைய மட்டும் விட்டுராதீய. அது வந்துட்டா ஒரு பிரச்சினையும் இல்ல."

"யாருக்குப் பிரச்சினை இல்ல?" என்றேன்.

"எல்லாருக்கும்தான். பொம்பளப் பிள்ளைய வெளிச்சத்துல நிக்கலாம்லா. நான் வண்டி கொண்டு வந்து கூட்டிட்டு வருவேன்லா."

"இப்ப சாயங்காலம் கூட்டிட்டு வாரியா?"

"அந்நேரம் நான் வாழ மண்டிக்குப் போயிருவேன் மாமா. தார் ஏத்தணும்லா. வண்டியக் கோவிலு முன்னால போட்டுட்டுப் போயிருவேன்" என்றான், ஒளிவுமறைவே இல்லாமல். அவன் கெட்டவன் அல்ல. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தன் பிழைப்பைப் பார்க்கிறான், அதில் தன் தம்பி மனைவி இருட்டில் நடக்கிறாள் என்பது அவன் கணக்கில் ஏறவில்லை. உன் அத்தை உள்வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்விட்டார். மகன் பக்கம்தான் என்று நான் முடிவு கட்டினேன்.

அதன் பிறகு என் மனசு எங்கே போனது என்பதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். பஸ் ஏன் வரவில்லை என்ற உண்மையை எழுதினால்தான் கடிதத்துக்கு உயிர். அந்த உண்மை உன் வீட்டு ஆட்டோ. அதை உன் பெயரில் அச்சில் போட்டால், மாப்பிள்ளை ஊரில் இல்லாத அந்த வீட்டில் நாளைக்கு நீ எந்த முகத்தோடு சாப்பாட்டுக்கு உட்காருவாய்? ஆட்டோவைச் சொல்லாமல் எழுதினால் மேலாளர் ஒரு நாள் ஆளனுப்பிப் பார்ப்பார், ஆட்டோ நிற்கும், திருப்ப இடமில்லை என்று எழுதி மூடிவிடுவார். இரண்டில் எதை எடுத்தாலும் நஷ்டம் உனக்குத்தான். எல்லோருக்கும் பொழுது போகாமல் உன் கையில் பேனாவைக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஆத்திரம் வந்தது. அதனால் இந்தக் கடிதமே வேண்டாம், டவுணில் ஏதாவது விடுதியில் தங்கிக்கொள், வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று உன்னிடம் சொல்லிவிடத்தான் விலக்குக்கு வந்து நின்றேன். கடிதத்தை எப்படி எழுத வேண்டும் என்று மேலே இத்தனை சொன்னவன், எழுதாதே என்று சொல்லத்தான் நேற்று உனக்காகக் காத்திருந்தேன்.

எனக்கு முன்னால் உன் அத்தை அங்கே நின்றிருந்தார். கையில் டார்ச்சு, தலையில் முக்காடு. மருமகள் யாரோடு இறங்குகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று வேவு பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மன்னித்துக்கொள், என் புத்தி அப்படி.

"இங்கன எதுக்கும்மா நிக்கிய?" என்றேன்.

"பிள்ள வருவால்லா அண்ணாச்சி."

"தெனமும் வருவியளா?"

"வராம? போன மாசத்துலருந்து தெனமும் வாரேன். அவ ஒங்ககிட்டச் சொல்லலியா?" என்று கேட்டார். பிறகு பைய்யச் சொன்னார். "போன மாசம் வாய்க்கா திருப்பத்துல ரெண்டு பேரு பைக்க நிப்பாட்டி அவகிட்ட வழி கேட்டிருக்கானுவ. பக்கத்துல வந்து, வண்டிய அணைச்சுப் போட்டுட்டுக் கேட்டானுவளாம். எங்க ஊருக்கு ஒரே ரோடு அண்ணாச்சி. அதுல கேக்க என்ன வழி இருக்கு?"

மகளே, நீ இதை என்னிடம் சொல்லவில்லை. அப்பா ஏற்கனவே சந்தேகப் பிராணி, இதைச் சொன்னால் வேலையை விடச் சொல்லுவார் என்று நினைத்திருப்பாய். சரியாகத்தான் நினைத்திருக்கிறாய். நான் அந்த வினாடியே அதைத்தான் சொன்னேன். கடிதமும் வேண்டாம், வேலையும் வேண்டாம், என் பிள்ளையை நான் முக்கூடலுக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். உன் அத்தைக்குக் கோபம் வந்ததை அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன்.

"ஏன், அவ என்ன தப்பு பண்ணுனா வேலைய விடுததுக்கு? கடுதாசி எழுதட்டும். எம் பேரயும் போடச் சொல்லுங்க."

நான் மறைக்கவில்லை. "ஒங்க மூத்த மகன் வண்டிதான் பஸ்ஸ மறிச்சுக்கிட்டு நிக்கி. அத எழுதாம இருந்தா பிரயோஜனமில்ல. எழுதினா ஒங்க வீட்டுல எம் பிள்ளைக்கு நிம்மதியில்ல" என்றேன்.

அவர் டார்ச்சை அணைத்தார், எரித்தார், மறுபடி அணைத்தார். "அவன்ட்ட எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன். ஓரமாப் போடுலேன்னு. ஆத்தா சொல்லிக் கேக்கல, பேப்பர்ல பாத்தாவது கேக்கட்டும். ஆனா அந்த வரிய அவ எழுத வேண்டாம் அண்ணாச்சி. மருமவ எழுதினா குடும்பச் சண்டம்பான். நான் எழுதுதேன். பெத்தவ எழுதினா அவன் யார்ட்டப் போயி சண்ட போடுவான்?"

அதற்குள் பஸ் வெளிச்சம் தெரிந்தது. அவர் எனக்கு முன்னால் போய் நீ இறங்கும் படிக்கட்டில் டார்ச்சை அடித்தார். உன் காலடியைத்தான் பார்த்தார், உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நீ இறங்கினாய், நான் ஏறினேன். முக்கூடல் வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து, இதில் அந்த அம்மாவுக்கு என்ன ஆதாயம் என்று தேடினேன். பழக்கதோஷம். வீடு வந்து உன் அம்மாவிடமும் கேட்டேன். "ஒங்களுக்கு அவள நம்ப வலிக்கி, அதான்" என்றாள். வலிக்கத்தான் செய்தது. என் பிள்ளையை என்னைவிட அருகில் இருந்து ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள், ஓராண்டாக நான் அவளை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தால் வலிக்காதா?

ஆகவே கடிதத்தை எழுது. மேலே நான் சொன்ன திருத்தங்களோடு உன் கையாலேயே எழுது. பஸ் ஏன் உள்ளே வருவதில்லை என்ற இடத்தில் மட்டும் இரண்டு வரிக்கு இடம் விட்டு உன் அத்தையிடம் கொடு. அவர் எழுதுகிற தமிழைத் திருத்தாதே, செல்வின் சொன்னாலும் நான் சொன்னாலும் திருத்தாதே. கீழே முதலில் உன் பெயர், அடுத்து அவர் பெயர். பத்திரிகைக்காரர்கள் அந்த வரியை வெட்டிவிட்டுப் போடப் பார்ப்பார்கள். வெட்டினால் போட வேண்டாம் என்று சொல்லிவிடு, வேறு பத்திரிகை இருக்கிறது. நிழற்குடை தருகிறோம் என்று யாராவது சிரித்துக்கொண்டு வந்தால் வாங்காதே.

பஸ் ஊருக்குள் வந்து கோவில் முன்னால் திரும்புகிற நாள்வரை உன் அத்தை விலக்குக்கு வருவார். அவருக்கு முட்டுவலி என்று அவர் நடையைப் பார்த்தாலே தெரிகிறது, எத்தனை நாள் முடியுமோ தெரியாது. அவருக்கு முடியாத நாளில் எனக்குப் போன் செய். என்னிடம் சொல்லாமல் இருந்ததுபோல இதையும் சொல்லாமல் இருந்துவிடாதே. முக்கூடலிலிருந்து முந்தின பஸ்ஸைப் பிடித்து வந்து நான் அந்த வாய்க்கால் திருப்பத்தில் நிற்கிறேன். வழி தெரியாதவன் என்னிடம் வந்து கேட்கட்டும்.

உன் அப்பா